கடலையின் இடது காது

“பாட்டிலை ஒருக்கா இந்தப் பக்கம் திருப்புங்க டாக்டரம்மா” என்றார் நாச்சிமுத்து.

டாக்டர் ரோஸலின் திருப்பிக் காட்டினார். குப்பியின் கழுத்தில் சுற்றியிருந்த குளிர்ப்பட்டை நீலமாக இருந்தது. மருந்து தயாரான இடத்திலிருந்து இந்த மேசைவரை எங்கேயும் சூடு தட்டவில்லை என்று அதற்கு அர்த்தம். சூடு பட்டிருந்தால் பட்டை சிவந்திருக்கும். சிவந்தது மறுபடி நீலமாகாது.

“இந்தப் பட்டையைப் பிச்சு வேற பாட்டில்ல ஒட்ட முடியுங்களா?”

“முடியாதுங்கய்யா. பிச்சாத் தூளாப் போயிரும்.”

“தூளாப் போகாமப் பிக்கறதுக்குன்னே எவனாவது ஒருத்தன் பொறந்திருப்பான்.”

“மாமா, சித்தெ சும்மா இருங்க” என்றாள் அவர் மனைவி தனபாக்கியம். அவள் மடியில் ஒரு கூடை இருந்தது. கூடைக்குள் பொரியும் கடலையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. பொரி வெள்ளை முயல், அவருடைய செல்லம். கடலை பழுப்பு முயல், அவளுடையது.

நாச்சிமுத்து கெட்டவர் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் காலமெல்லாம் தரச்சோதனை பார்த்தவர், அவ்வளவுதான். எந்தப் பம்பும் அவர் கைக்கு வரும்போது குற்றவாளியாகத்தான் வரும். நிரபராதி என்று நிரூபித்துவிட்டு வெளியே போக வேண்டியது பம்பின் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகு பம்பு வருவது நின்றது, சந்தேகம் நிற்கவில்லை. பால், மின்கட்டணம், லிஃப்ட்டின் கயிறு, மாப்பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவில் இருப்பதாகச் சொல்லப்பட்ட வேலை என்று கிடைத்ததையெல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது முயலின் முறை.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊரே அப்படித்தான் ஆகியிருந்தது. அடுக்குமாடிகளில் நாய் வளர்க்கக் கூடாது என்று குரைப்புத் தடைச் சட்டம் வந்தது. குருவிகளைக் காப்பாற்றுகிறேன் என்று பூனைக்கும் தடை போட்டார்கள். மிச்சமிருந்தது முயல். சத்தம் போடாது, ஒரு கட்டுக் கீரையில் வயிறு நிறைந்துவிடும். வீட்டுக்கு வீடு முயலாயிற்று. பின்னாலேயே கசிவு நோயும் வந்து சேர்ந்தது. ஈ மூலம் வரும், புல் மூலம் வரும், செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டும் வரும். காலையில் துள்ளிய முயல் சாயங்காலம் மூக்கில் ரத்தத்தோடு விறைத்துக் கிடக்கும். வைத்தியம் கிடையாது. முன்கூட்டியே தடுப்பூசி போடுவது ஒன்றுதான் வழி.

அந்த ஊசியிலும் கை வைத்துவிட்டார்கள். பல ஊர்களில் மருந்து என்று சொல்லி வெறும் தண்ணீரை ஏற்றியிருந்தார்கள். முயல்கள் கூண்டு கூண்டாகச் செத்தன. ‘தண்ணி ஊசி வருஷம்’ என்று ஜனங்கள் இன்னும் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். அதற்குப் பிறகு கண்டுபிடித்ததுதான் ஒளித்துளி.

ஒளித்துளி என்பது நுண்மணிகளாகச் செய்த தடுப்பு மருந்து. முயலின் காது மடலில், தோலுக்கு அடியில் ஏற்றுவார்கள். மணிகள் அங்கேயே தங்கி, தினம் கொஞ்சமாக உடைந்து, ஒரு வருஷத்துக்கு மருந்தைச் சொட்டிக்கொண்டிருக்கும். சொட்டு இருக்கிறவரை உடம்புக்குக் காவல் உண்டு. சொட்டு நின்றால் காவலும் நின்றது. அதோடு இன்னொரு வசதியும் வைத்திருந்தார்கள். மெய்விளக்கு என்ற சின்ன ஊதா விளக்கைக் காதின் மேல் அடித்தால் மணிகள் பச்சையாக ஒளிரும். தண்ணீர் ஒளிராது. இனி எவனும் ஏமாற்ற முடியாது என்று ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

ரோஸலின் இரண்டு முயல்களுக்கும் இடது காதில் ஊசி போட்டார். அறையை இருட்டாக்கிவிட்டு மெய்விளக்கை அடித்தார். இரண்டு காதுகளிலும் வெற்றிலைப் பச்சையில் ஒரு வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

“பார்த்துக்கிட்டீங்களா? இனி அடுத்த வருஷம் வந்தாப் போதும். ஆனா வீட்டுல போயி விளக்கடிச்சுப் பார்த்துட்டே இருக்காதீங்க. அந்த வெளிச்சத்துல மணியோட ஓடு இளகும். அடிக்க அடிக்க மருந்து வீணாக் கரைஞ்சு போயிரும்.”

நாச்சிமுத்துவின் புருவம் மேலே ஏறியது.

“பார்க்கக் கூடாதுங்கறீங்க.”

“ஒருக்கா ரெண்டுக்கா பார்த்தா ஒண்ணுமில்லீங்க. தினம் பார்த்தாத்தான் வம்பு. கரைஞ்சு போச்சுன்னு மறுபடி போடவும் முடியாது. வருஷத்துக்குள்ள ரெண்டாவது ஊசி போட்டா முயல் தாங்காது.”

“சரிங்க” என்றார் அவர். இந்தச் ‘சரிங்க’வைக் கேட்டாலே அந்தக் காலத்தில் கம்பெனி ஆட்கள் உஷாராகிவிடுவார்கள்.

தானோட்டி வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். “கவனிச்சியா பாக்கியம்? பார்க்கறதுக்குன்னே செஞ்ச விளக்கு. அதை வெச்சுப் பார்க்காதீங்கன்னு சொல்லுது. பார்த்தாக் கரையுமாம், கரைஞ்சா மறுபடி போடக் கூடாதாம். எல்லாப் பக்கமும் எவ்வளவு நேக்கா அடைச்சு வெச்சிருக்குது பாரு.”

“அந்தம்மா படிச்சவங்க. தெரியாமயா சொல்லுவாங்க?”

“தெரிஞ்சுதான் சொல்லுது. என்ற சந்தேகமே அதுதான்.”

அன்றைக்கே வீட்டு விளக்கு ஒன்று வாங்கினார். அதன் அட்டையில் ‘எங்கள் ஒளி மருந்தைத் தொடாது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விளக்கு விற்பவன் வேறு என்ன போடுவான் என்று அவருக்குத் தோன்றவில்லை. எல்லாரையும் சந்தேகப்படுகிறவருக்கும் தனக்குப் பிடித்த சேதி வந்தால் சந்தேகம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிடும்.

காலையில் காப்பி குடித்ததும் ஒரு தடவை, சாயங்காலம் நடந்துவிட்டு வந்ததும் ஒரு தடவை முயல்களை மடியில் போட்டுக்கொண்டு விளக்கடித்தார். பச்சை தெரிந்தால் மனசு குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அரித்தது. குடியிருப்போர் சங்கத்தில் முயல் காவல் குழு என்று ஒன்று அமைத்து, தானே அதற்குத் தலைவரானார். கட்டடத்து வாசலிலும் லிஃப்ட்டிலும் விளக்குப் பொறிகள் வைக்கத் தீர்மானம் கொண்டுவந்ததும் அவர்தான். பச்சை தெரியாத முயல் வாசலைத் தாண்ட முடியாது. ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் முயலின் காதைக் காட்டுவது மரியாதை என்றாகிவிட்டது. காட்டாதவர் வீட்டில் ஏதோ கோளாறு என்று பேச்சு கிளம்பியது.

அப்படித்தான் ஒருநாள் எதிர்வீட்டு ரங்கநாயகி வந்தாள். தனியாக இருப்பவள். அவளுக்கு லட்டு என்று ஒரு குண்டு முயல் உண்டு. அது சாப்பிட்டால்தான் இவள் சாப்பிடுவாள். வந்தவள் கடலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, “என்ன பளபளப்பு அக்கா இது. இந்த மாதிரி ஒரு முயல நான் பார்த்ததே இல்லை” என்றாள்.

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் மறுநாள் கடலை கீரையைத் தொடவில்லை. தனபாக்கியத்துக்கு அது போதாதா? கண்மை டப்பாவை எடுத்தாள், விரலால் வழித்தாள், கடலையின் இடது காது மடலில் பெரிசாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். குழந்தைக்குக் கன்னத்தில் வைப்பார்கள். முயலுக்குக் கன்னமெல்லாம் மயிர், மை ஒட்டாது. மயிர் குறைந்த இடம் காதுதான். அங்கேதான் டாக்டர் ஊசி போட மயிரை மழித்திருந்தார். மை நன்றாக ஒட்டியது.

சாயங்காலம் விளக்கடித்த நாச்சிமுத்து திகைத்துப் போனார். பொரியின் காதில் பச்சை தெரிந்தது. கடலையின் காதில் கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை.

“என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கிறே? துடை அதை.”

“துடைக்க முடியாது. கண்ணு பட்டுப் போச்சு. மை வெச்ச அப்பறம்தான் ரெண்டு வாய் தின்னுது.”

“அதுக்குள்ள மருந்து இருக்குதா இல்லையான்னு எப்பிடித் தெரியறது?”

“ஊசி போட்டதை நாம ரெண்டு பேரும் பார்த்தமில்ல. அப்பறம் என்ன தெரியோணும்?”

“ஊசி போட்டதைத்தான் பார்த்தோம். மருந்தையா பார்த்தோம்?”

“என்ற முயலு. காதைத் தொட்டீங்கன்னா நாளைக்கு வீட்டுல சோறு கெடையாது” என்றாள் தனபாக்கியம். அவள் சொன்னால் செய்கிறவள். தினமும் குளித்ததும் தனக்குப் பொட்டு வைத்துக்கொள்ளும்போதே கடலைக்கும் மையைப் புதுப்பித்தாள். சோதிக்க முடியாத பொருளைத் தேறிய பொருளோடு சேர்த்து வைக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். நாச்சிமுத்து கடலையைத் தனிக்கூண்டில் போட்டுப் பால்கனிக்குத் தள்ளினார். போகவர அதைச் சந்தேகமாகப் பார்த்தார்.

மாதங்கள் ஓடின. பொரியின் காதில் பச்சை வெளுக்க ஆரம்பித்தது. வெற்றிலைப் பச்சை வாழைக்குருத்துப் பச்சையாயிற்று, பிறகு பழுப்படித்தது. பொரியை மடியில் வைத்துக்கொண்டால் அது கண்ணை மூடி, தாடையை நாச்சிமுத்துவின் முழங்கையில் வைத்துக்கொள்ளும். அதன் காதில் காவல் தேய்ந்துகொண்டே போகிறது என்று நினைக்கவே அவருக்குத் தாங்கவில்லை. பயத்தில் இன்னும் அதிகமாக விளக்கடித்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்தார். எல்லா வீட்டு முயலுக்கும் வெளுத்துப் போயிருந்தது. எல்லாரும் அதே டாக்டரிடம் ஊசி போட்டவர்கள்.

“கலப்படமுங்க” என்றார் சங்கத் தலைவர் வெங்கிடுசாமி. “பாதி மருந்து, பாதி தண்ணி. அதனாலதான் பார்க்காதே பார்க்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்குது.”

கூட்டமாகப் போய் ரோஸலின் முன்னால் நின்றார்கள். அவர் ஒரு முயலுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“தினம் எத்தனை தடவை விளக்கடிக்கறீங்க?” என்று கேட்டார்.

“அதை ஏன் கேக்கறீங்க? நாங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க.”

“இதுதானுங்க பதில். வீட்டுல அடிக்கறீங்க, லிஃப்ட்ல அடிக்கறீங்க, வாசல்ல அடிக்கறீங்க. கரையத்தான் செய்யும். நான் மொதல்லயே சொன்னேன்.”

“உங்க முயலுக்குப் பச்சை இருக்குதுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

“எனக்குத் தெரியாதுங்கய்யா. நான் விளக்கடிச்சுப் பார்க்கறதில்லை.”

“பார்க்காம எப்பிடி நிம்மதியா இருக்கறீங்க?”

“போட்டது நானுங்களே.”

அந்தப் பதிலில் கூட்டம் கொதித்துவிட்டது. தான் போட்ட ஊசியைத் தானே நம்புவதற்கு யாரால்தான் முடியாது? புகார் போயிற்று, விசாரணை முடிகிறவரை மருத்துவமனையைப் பூட்டினார்கள். ரோஸலின் வெளியே வந்து சாவியைக் கொடுக்கும்போது ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருந்ததும் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது.

கசிவு நோய் மழையோடு வந்தது. முதலில் கீழ்த்தளத்தில் ஒரு முயல், பிறகு இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் இருந்த எல்லாம். நாச்சிமுத்து செருப்பை வாசலுக்கு வெளியே விட்டார், கீரையை மஞ்சள் தண்ணீரில் அலசினார், ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பொரி மடியில் ஏறவில்லை. மூலையில் உட்கார்ந்து வேகமாக மூச்சு வாங்கியது. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மூக்கில் வந்த ரத்தத்தைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே அழுதார். அவர் அப்பா செத்தபோதுகூட இப்படி அழவில்லை என்று தனபாக்கியம் நினைத்தாள்.

அடுத்தது கடலைதான் என்று இருவருக்கும் தெரியும். அது ஒரே வீட்டுக் காற்றை மூச்சு விட்டது, அதே கீரையைத் தின்றது. மருந்து இருக்கிறதா என்று தெரியாத முயல் வேறு. தனபாக்கியம் கூண்டுக்கு முன்னால் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். ஒரு நாள் போனது. இன்னொரு நாளும் போனது. கடலை கொத்தமல்லித் தண்டைக் கடித்தது, கூண்டுக் கம்பியைக் கடித்தது, தனபாக்கியத்தின் முந்தானையைக் கடித்தது. அதற்கு ஒரு கேடும் வரவில்லை.

நாச்சிமுத்து அந்தக் கறுத்த காதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் வெடிப்புச் சோதனை என்று ஒன்று உண்டு. பம்பின் கூட்டுக்குள் தண்ணீரை ஏற்றி ஏற்றி, அது எந்த அழுத்தத்தில் வெடிக்கிறது என்று பார்ப்பார்கள். எவ்வளவு நல்ல பம்பு என்பது அப்போதுதான் தெரியும். தெரிந்த பிறகு அது பம்பு இல்லை, பழைய இரும்பு. அதைத் தள்ளிவிட்டு, சோதிக்காத மற்றதைத்தான் விற்பார்கள். காலமெல்லாம் இதைச் செய்தவர், தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே பம்பைத் தினமும் இரண்டு வேளை வெடிக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“பாக்கியம், அந்த டாக்டரம்மா சொன்னது நெசம். விளக்குதான் பொரியைக் கொன்னுது. நான்தான் கொன்னேன்” என்றார்.

தனபாக்கியம் கூண்டுக்குள் இன்னொரு கொத்தமல்லித் தண்டை நீட்டினாள்.

“உன்ற மைதான் கடலைக்கு வெளிச்சம் படாமப் பார்த்துக்கிச்சு. உள்ளார மருந்து அப்படியே இருக்கோணும்.” அவர் கை தானாக விளக்குப் பக்கம் போனது. “ஒருக்கா மட்டும் துடைச்சுப் பார்த்துக்கலாமா? இருக்குதான்னு உறுதியாத் தெரிஞ்சிரும்.”

“தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?”

நாச்சிமுத்து விளக்கை மேசை டிராயருக்குள் போட்டு மூடினார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. நோய் வந்துவிட்டதால் காவலை இறுக்க வேண்டும், இனி ஒவ்வொரு முயலுக்கும் மூன்று வேளை விளக்கடித்துப் படத்தைச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வெங்கிடுசாமி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டிருந்தார். உயிரோடு இருக்கும் முயல்களின் காதில் மிச்சம் மீதி இருக்கும் மருந்தும் அதோடு போய்விடும். அதில் லட்டுவும் ஒன்று. நாச்சிமுத்து ரோஸலினைப் போனில் அழைத்தார். மன்னிப்புக் கேட்டார். கடலையின் காதைத் துடைத்துக் கூட்டத்தில் காட்டினால் உண்மை விளங்கிவிடும் இல்லையா என்று கேட்டார்.

“வேண்டாமுங்கய்யா” என்றார் ரோஸலின். “ஒரு தடவைன்னுதான் ஆரம்பிக்கும். என்ற பேரு கெட்டது கெட்டதாவே இருக்கட்டும். நோய் இன்னும் அங்கதான் சுத்திட்டிருக்குது. அந்த ஒரு உசுராவது மிஞ்சட்டும்.”

நாச்சிமுத்து போனை வைத்தார். இப்படிப்பட்டவரைத்தான் வீதியில் நிறுத்தினோம் என்று வெட்கப்பட்டார்.

கூட்டம் கீழ்த்தள மண்டபத்தில் காலையில் கூடியது. உயிரோடிருக்கும் முயல்களைக் கூடைகளில் கொண்டுவந்திருந்தார்கள். ரங்கநாயகி லட்டுவைச் சேலைக்குள் பொத்தி வைத்திருந்தாள். வெங்கிடுசாமி தீர்மானத்தைப் படித்ததும் நாச்சிமுத்து எழுந்தார்.

“அது வேண்டாமுங்க. விளக்குதான் கொல்லுது. அடிக்க அடிக்க மருந்து கரையுது. இன்னைக்கே எல்லாரும் நிறுத்தீருங்க.”

“வாசல்ல விளக்கு வெக்கோணும்னு ஒத்தக்கால்ல நின்னதே நீங்கதானுங்களேண்ணா” என்றார் வெங்கிடுசாமி.

“ஆமாங்க. தப்புப் பண்ணீட்டேன். பொரி போயிருச்சு. இத்தனை மாசமா விளக்கே படாத கடலை மட்டும் நிக்குது. அதைப் பார்த்தாவது தெரிஞ்சுக்குங்க.”

“அது எப்பிடி உங்க வீட்டு முயல் மட்டும் தப்பிச்சுது?” என்றது ஒரு குரல்.

“என்ற சம்சாரம் திருஷ்டிக்கு மை வெச்சிருந்துது. வெளிச்சம் உள்ளார போகலை.”

யாரோ சிரித்தார்கள். யாரோ, “மைக்கு அடியில எதை மறைச்சீங்க?” என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “எனக்கு ஒண்ணு தோணுதுங்க. அந்த டாக்டரு இவங்களுக்கு மட்டும் அசல் மருந்து போட்டிருக்குது. அதுக்குக் கைம்மாறா இவரு இப்பப் பரிஞ்சு பேசறாரு” என்றார். அது பொருத்தமாக இருந்தது. தலைகள் ஆடின.

“அந்த முயலைக் கொண்டாங்க. துடைச்சுக் காட்டுங்க. பச்சை பளிச்சுன்னு இருந்தா நீங்க சொல்றதை ஒத்துக்கறோம்” என்றார் வெங்கிடுசாமி.

நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார். காட்டினால் கடலையின் காவல் கொஞ்சம் போகும். காட்டாவிட்டால் இந்த மண்டபத்தில் இருக்கும் அத்தனை முயலும் போகும், டாக்டரின் பெயரும் மீளாது. தனபாக்கியம் ரங்கநாயகியின் சேலைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூக்கைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு மேலே போய்க் கடலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ஒரே ஒருக்கா. எல்லாரும் ஒண்ணாப் பார்த்துக்கோணும். அதுக்கு மேல கிடையாது” என்றாள்.

எல்லாரும் சம்மதித்தார்கள். திரைகளை இழுத்து மூடினார்கள். தேங்காய் எண்ணெயைத் தொட்டு அவளே மையைத் துடைத்தாள். நாச்சிமுத்து தன் விளக்கை அடித்தார்.

ஊசி போட்ட அன்றைக்கு இருந்த அதே வெற்றிலைப் பச்சை. காதின் நரம்புகள்கூட அந்த ஒளியில் தெரிந்தன. நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. விளக்கை அணைத்து, “பார்த்துக்கிட்டீங்களா?” என்றார்.

“பார்த்தோம்” என்றார் வெங்கிடுசாமி. “அது யாருது விளக்கு?”

“என்றது.”

“அங்கதானுங்களே இடிக்குது.” அவர் தன் சட்டைப்பையிலிருந்து விளக்கை எடுத்தார். “என்றதுல ஒருக்கா பார்த்துட்டாத் தீந்துது.”

நாச்சிமுத்து காதைக் கையால் பொத்தினார். பொத்தியதுதான் வினையாகிவிட்டது. எதற்காக மறைக்கிறார் என்று நாலு பக்கமும் முணுமுணுப்பு எழுந்தது. வெங்கிடுசாமி மரியாதையாகவே அவர் விரல்களை விலக்கி விளக்கடித்தார். பச்சை. உடனே பக்கத்தில் இருந்தவர், சங்கத் தலைவரும் இவரும் பழைய சிநேகிதர்கள் என்பதை நினைவுபடுத்திவிட்டுத் தன் விளக்கை நீட்டினார். அதற்குப் பிறகு வரிசை சொல்லிவைத்த மாதிரி நின்றது. யாரும் சண்டை போடவில்லை, யாரும் தள்ளவில்லை. “ஒரு செகண்டுதானுங்க அக்கா” என்று தனபாக்கியத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஒவ்வொருவராக அடித்தார்கள். செகண்டு என்றது நிமிஷமாக நீண்டது, திருப்தியாகாதவர்கள் மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள். அவள் கடலையை இழுத்து அணைக்கப் பார்த்தாள். சுற்றி நின்ற கூட்டத்தில் திரும்ப இடமில்லை.

முன்னால் பார்த்தவர்கள் பளிச்சென்று இருக்கிறது என்றார்கள். நடுவில் பார்த்தவர்கள் பரவாயில்லை என்றார்கள். அதற்கப்புறம் வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

“மங்கிட்டே வருது பாருங்க. அதைத்தான் நான் சொல்றேன். உங்க கண்ணு முன்னாடியே கரையுது” என்று நாச்சிமுத்து கெஞ்சினார்.

“மொதல்ல இருந்தே மங்கல்தானுங்க. உங்க விளக்கு பவர் ஜாஸ்தி” என்றார் வரிசையில் இருந்தவர்.

அடுத்தவன் கண்ணில் பட்டதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அவரவர் விளக்கு அவரவருக்குக் காட்டியதுதான் உண்மை. வரிசையின் கடைசியில் ரங்கநாயகி வந்தாள். லட்டுவை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறுகையால் விளக்கடித்தாள். கடலையின் காது வெறும் காதாக இருந்தது. அவள் விளக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தாள். ரோஜா நிறத் தோலும் நரம்பும்தான் தெரிந்தன.

“எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களேண்ணா” என்றாள்.

“இருந்துதும்மா. இப்பத்தான் இருந்துது. என்ற கண்ணால பார்த்தேன்.” நாச்சிமுத்துவின் குரல் உடைந்தது. தனபாக்கியம் கடலையை முந்தானையால் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். “லட்டுவுக்காகத்தான் இவ கொண்டாந்தா. இனி அதுக்கு விளக்கடிக்காதே. என்னை நம்பு தாயி.”

ரங்கநாயகி அவரைப் பரிவோடு பார்த்தாள்.

“உங்களை நம்பாம வேற யாரைங்கண்ணா நம்பப் போறேன்” என்றாள். “எனக்கு ஒருக்கா மட்டும் காட்டீருங்க, அது போதும்.”